கழித்துவிட்ட மஞ்சள்

மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு சோதனைக் குழாய்களை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஒன்றில் ஈ.கோலை பாக்டீரியா. மற்றதில் பாக்டீரியா இல்லாத வெறும் கரைசல். 1985ஆம் வருடம், மதுரையில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது முதல் குழாயில் மஞ்சள் ஏறியிருந்தது. சன்னல் பக்கம் கொண்டுபோய், வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்தால்தான் தெரிகிற அளவு. எலுமிச்சம்பழம் அரிந்த கத்தியைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டாவது குழாய் பளிங்கு போல அப்படியே இருந்தது.

அந்த மஞ்சள் அங்கே இருந்திருக்கக் கூடாது.

ஈ.கோலைக்குப் பால் சர்க்கரையான லாக்டோஸ் கிடைத்தால், அதை உடைப்பதற்கு பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற நொதியைச் செய்துகொள்ளும். கிடைக்காவிட்டால் செய்யாது. நொதி இருக்கிறதா என்று பார்க்க, ஓஎன்பிஜி என்ற நிறமில்லாத பொருளைச் சேர்ப்போம். நொதி அதை உடைத்தால் மஞ்சள் வரும். ஓஎன்பிஜி செல்லுக்குள் புக வேண்டும் என்பதற்காக ஒரு சொட்டு டொலுவின் விட்டு செல்லின் மேல்படலத்தில் ஓட்டை போடுவோம். அந்த வாடை எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. விடுதியில் தயிர்சாதம் பிசையும்போதும் மூக்கில் ஏறும். மஞ்சள் தெளிவாகத் தெரிந்ததும் சோடியம் கார்பனேட்டை ஊற்றி நிறுத்தி, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டு, கலரிமீட்டரில் வைத்துப் பார்ப்போம். ஜெஃப்ரி மில்லர் 1972இல் எழுதிய கையேட்டில் இருக்கும் கணக்கைப் போட்டால் வருகிற எண்ணுக்கு மில்லர் அலகு என்று பெயர்.

லாக்டோஸுக்குப் பதிலாக ஐபிடிஜி கொடுத்த குழாயில் சில நிமிடங்களில் மஞ்சள் வந்துவிடும். எதுவும் கொடுக்காத குழாயில் வராது. இதுதான் பாடம். நான் விட்டுப் போன குழாய், எதுவும் கொடுக்காத குழாய்.

"சார், இதுல மஞ்சள் இருக்கு."

"எவ்வளவு நேரம் வெச்ச?"

"மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு சார்."

"அவ்வளவு நேரம் வெச்சா எதுலயும் வரும்மா. மருந்தே தானா உடையும். அது பின்னணி. கழிச்சுட்டு எழுது."

"செல் போடாத குழாய்ல வரலையே சார்?"

அவர் இரண்டு குழாய்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "குறிச்சு வெச்சுக்க. ரெக்கார்டுல கழிச்சே எழுது" என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். பாடத்திட்டத்தில் அந்த மஞ்சளுக்கு இடமில்லை. அவருக்கு முன் பாடம் நடத்தியவருக்கும் இருந்திருக்காது. ரெக்கார்டு நோட்டில் பூஜ்யம் என்று எழுதினேன். கல்லூரி ஆசிரியை ஆன பிறகு, என் மாணவிகளின் நோட்டிலும் அதே இடத்தில் பூஜ்யத்துக்கு டிக் போட்டேன். பல வருடங்கள் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த கதை மிக அழகானது. அதில் பொய் கிடையாது. டிஎன்ஏ என்ற நீண்ட இழையில் மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி ஒரு மரபணுவின் முன்வாசலில் வந்து உட்காரும், இழையின் இரண்டு புரிகளைப் பிரிக்கும், எழுத்து எழுத்தாகப் படித்து ஆர்என்ஏ நகல் எடுத்துக்கொண்டே போகும். அந்த நகலைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்யும். ஒரு செல்லில் எல்லா மரபணுக்களும் இருந்தாலும் எல்லாவற்றையும் எல்லா நேரமும் நகல் எடுப்பதில்லை. எதை, எப்போது, எவ்வளவு என்பதுதான் செல்லின் வாழ்க்கை. கண் செல் கண்ணாக இருப்பதும் ஈரல் செல் ஈரலாக இருப்பதும் இதனால்தான்.

இதை முதலில் பிரித்துச் சொன்னவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும். மோனோ, குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்து கொடுத்தால் பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத் தின்று முடித்து, கொஞ்ச நேரம் வளராமல் நின்று, பிறகுதான் லாக்டோஸில் கைவைக்கிறது என்று கண்டு, 1941இல் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம் அது. அவரே தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். ஜாக்கோப் அறுவை மருத்துவராக வேண்டும் என்று படித்தவர். 1944 ஆகஸ்டில் நார்மண்டி போர்முனையில் உடம்பெல்லாம் காயம் பட்டு, கத்தி பிடிக்கிற வாழ்க்கை இனி இல்லை என்று ஆன பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். இருவரும் 1961இல் வெளியிட்ட கட்டுரைதான் எங்கள் கரும்பலகைக்கு வந்தது. லாக்டோஸ் மரபணுக்களின் முன்வாசலை ஒட்டி ஒடுக்கி என்ற புரதம் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை பாலிமரேஸ் வேலை செய்ய முடியாது. லாக்டோஸ் வந்தால் ஒடுக்கி எழுந்து போகும், வாசல் திறக்கும். மூன்று மரபணுக்கள் வரிசையாக நகலாகும்: உடைக்கிற நொதி ஒன்று, லாக்டோஸை உள்ளே இழுத்துவரும் புரதம் ஒன்று, இன்னொன்று. ஆசிரியர் கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து, ஒடுக்கியைச் சிவப்புச் சாக்பீஸில் தீட்டுவார். பூட்டு, சாவி என்றுதான் சொல்வார்.

பூட்டு என்ற சொல் வகுப்பில் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. எனக்கு அது அப்பாவின் சொல்.

அப்பா திண்டுக்கல்லில் பூட்டுக் கம்மியர். வீட்டின் முன்கட்டில்தான் பட்டறை. மாங்காய்ப் பூட்டு செய்வார்; பெரிய கிடங்குகளுக்குக் கேட்டால் ஏழெட்டு லீவர் வைத்தும் செய்வார். நாள் முழுக்க அரம் போடுகிற சத்தம். பித்தளைத் தூள் அவர் கை மயிரில் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும். 1984 கடைசியில் அவருக்கு இருமல் பிடித்தது. தூள் நெஞ்சில் இறங்கியிருக்கும் என்று இரண்டு மாதம் கஷாயமாகப் போனது. பிறகு சளியில் ரத்தம். காசநோய் என்றார்கள்.

எங்கள் தெருவில் அப்போது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரிய வியாதி என்பார்கள். அப்பாவின் அண்ணன் அதில்தான் போனார். ஒன்றரை வருடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றதில் பாதியில் விட்டுவிட்டார். அப்பாவுக்கு ஊசியோடு புதிதாக ஒரு சிவப்பு மாத்திரையும் எழுதினார்கள். ஆறு மாதத்தில் முடியும், ஆனால் ஒருநாள்கூட விடக் கூடாது என்றார் டாக்டர். விலை அதிகம். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. முதல் மாத்திரை போட்ட அன்று ராத்திரி அப்பா கொல்லையிலிருந்து பதறி ஓடிவந்தார்; சிறுநீர் செங்காவியாகப் போகிறதாம். எல்லாம் முடிந்தது என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். விடிந்ததும் டாக்டரிடம் ஓடினால், மருந்தின் நிறம்தான் அப்படி, கண்ணீர்கூடச் சிவக்கும், பயப்படாதீர்கள் என்றார்.

இதற்கிடையில் மதுரை வகுப்பில் ஒருநாள் ஆன்டிபயாடிக் பாடம் நடந்தது. ரிஃபாம்பிசின்: பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸில் பீட்டா துணைஅலகில் ஒட்டும், நகலெடுப்பைத் தொடக்கத்திலேயே தடுக்கும். இரண்டு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்தேன். அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனபோது சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரை அட்டையைச் சும்மா திருப்பிப் படித்தேன். வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ரிஃபாம்பிசின் என்று இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிவப்புச் சாக்பீஸால் வரைந்த அந்தப் பெட்டிக்குள் என் அப்பா இருந்தார்.

அப்பா ஐந்தாவது வரை படித்தவர். அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிருமிக்குள் நகலெடுக்கிற ஒரு எந்திரம் இருக்கிறது, இந்த மாத்திரை அந்த எந்திரத்தின் வாய்க்குள் போய் அடைத்துக்கொள்கிறது, நகல் இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் நீளாது என்றேன்.

"அப்ப சாவித் தொளையில ஈயத்தக் காய்ச்சி ஊத்துற மாதிரி" என்றார்.

"ஆமாப்பா. ஆனா எந்திரம் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா மாத்திரையால நிறுத்த முடியாது. தொடங்குறப்பவே புடிக்கணும்."

"அதான் ஒருநா விடக் கூடாதுங்குறாரா டாக்டரு?"

மருத்துவக் காரணம் அவ்வளவு நேரானது இல்லைதான். ஆனாலும் ஆமாம் என்றேன். பிறகு அவர் கேட்காமலே ஒடுக்கியைப் பற்றிச் சொன்னேன்; பூட்டு என்று ஆசிரியர் சொன்னதையும், அந்தப் பூட்டு பூட்டியிருந்தும் குழாயில் மஞ்சள் கசிந்ததையும், கழித்துவிடச் சொன்னதையும். அப்பா இருமி முடித்து, தலைமாட்டில் இருந்த ஒரு பழைய பூட்டை எடுத்து என் கையில் வைத்தார். சாவியைப் போட்டு லேசாக ஆட்டச் சொன்னார். ஆடியது.

"தெரியுதா தாயி? மயிரிழ எடம் விட்டிருக்கேன். லீவர இறுக்கி வச்சா பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு மழ பேஞ்சா துருவேறி கடவுளே வந்தாலும் தொறக்க முடியாது. ஆட்டம் இல்லாத பூட்டு பூட்டில்ல, அது ஆணி."

அப்போது அதைப் பூட்டைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்டேன்.

ஒடுக்கியை விரட்டுவது லாக்டோஸ் என்று படித்தோம் அல்லவா? நேரடியாக விரட்டுவது லாக்டோஸ் இல்லை. அலோலாக்டோஸ் என்ற அதன் சற்றே மாறிய வடிவம். லாக்டோஸை அலோலாக்டோஸாக மாற்றுவது யார்? அதே பீட்டா-காலக்டோசிடேஸ். லாக்டோஸைச் செல்லுக்குள் இழுத்து வருவதும் அதே மரபணுக் கூட்டத்தின் இன்னொரு புரதம். அதாவது வாசலைத் திறக்கும் சாவி, பூட்டிய அறைக்குள்ளேயே செய்யப்படுகிறது. பூட்டு முழுக்க இறுகியிருந்தால் ஆயிரம் குடம் பால் ஊற்றினாலும் அந்த பாக்டீரியாவுக்கு லாக்டோஸ் வந்த செய்தியே தெரியாது. பூட்டியிருக்கும் காலத்திலும் எப்போதாவது ஒரு பாலிமரேஸ் நழுவி உள்ளே போக வேண்டும், ஓரிரு நகல் எடுக்க வேண்டும், செல்லுக்குள் ஒருசில மூலக்கூறு நொதியாவது எந்நேரமும் இருக்க வேண்டும். அப்போதுதான் லாக்டோஸ் வரும் நாளில் திறக்க முடியும். தூண்டிய செல்லுக்கும் தூண்டாத செல்லுக்கும் நொதியளவில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்று நாங்கள் பெருமையாக எழுதுவோம். அந்த ஆயிரத்தில் ஒன்றுதான் நான் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்த மஞ்சள். நான் கழித்தது அதைத்தான்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அலோலாக்டோஸ் விஷயம் 1972லேயே வெளிவந்துவிட்டது. நான் படிக்கும்போது அதற்குப் பதின்மூன்று வயது. இன்னும் முன்னால், 1957இலேயே ஆரன் நோவிக்கும் மில்டன் வீனரும், தூண்டுபொருளைக் குறைவாகக் கொடுத்தால் எல்லாச் செல்லும் கொஞ்சம் கொஞ்சமாக நொதி செய்வதில்லை, சில செல்கள் முழுமூச்சாகச் செய்கின்றன, மற்றவை சும்மா இருக்கின்றன என்று கண்டிருந்தார்கள். எது முந்தித் திறக்கும் என்பது தற்செயல். குழாயில் தெரியும் நிறம் கோடிக்கணக்கான செல்களின் சராசரி. ஒரு தனிச் செல் அந்தச் சராசரியில் வாழ்வதில்லை. எங்கள் கையில் கிடைத்த ஜெராக்ஸ் தாள்களில் இதெல்லாம் இல்லை. ஒரு நல்ல நூலகம் பக்கத்தில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் அறிவியல் எவ்வளவு வேறாக இருந்தது என்பதை இப்போது எல்லாவற்றையும் கைபேசியில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது.

இன்று அந்தத் தற்செயலைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள். ஒரு ஈ.கோலை செல்லில் லாக்டோஸ் ஒடுக்கி பத்துப் பக்கம்தான் இருக்கும். அது சிவப்புச் சாக்பீஸில் வரைந்தது போல வாசலில் ஆணியடித்து உட்கார்ந்திருப்பதில்லை. ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு 2007இல் தனித்தனி ஒடுக்கி மூலக்கூறுகளை உயிருள்ள செல்லுக்குள் பின்தொடர்ந்து பார்த்தது. அவை தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை டிஎன்ஏவின் மற்ற இடங்களில் லேசாக ஒட்டிக்கொண்டு, வழுக்கி வழுக்கித் தேடுவதில் கழிக்கின்றன. தன் இடத்தைக் கண்டால் உட்காரும். அங்கேயும் ஒரே பிடி இல்லை. நான்கு துண்டுகள் சேர்ந்த அந்தப் புரதம் டிஎன்ஏவை வளைத்து இரண்டு இடங்களில் கையூன்றிக்கொள்ளும். ஒரு கை நழுவினால் ஒன்றிரண்டு நகல் கசியும், மறுபடி பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் சேர்ந்து விட்டுப்போவது அபூர்வம். அது நடந்தால், அவை திரும்பி வருவதற்குள் பாலிமரேஸ்கள் வரிசையாகப் புகுந்துவிடும். அந்த ஒரு நழுவலிலேயே செல் முழுக்கத் திறந்த நிலைக்குப் போய்விடக்கூடும் என்று அதே குழு 2008இல் காட்டியது. இதைப் படித்த அன்று அப்பாவின் பூட்டை எடுத்து, சாவி போட்டு, ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவையில்லாதது என்று ஓரமாகத் தள்ளிவைத்ததில்தான் நகலெடுப்பின் கடிவாளம் இருந்தது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பாலிமரேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் கடைசியில் ஈ.கோலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஹார்வர்டில் ரிச்சர்ட் பர்ஜெஸ் பாஸ்போசெல்லுலோஸ் என்ற பொருள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாக நொதியை இறக்கினார். இன்னும் சுத்தமான நொதி கிடைத்தது. கன்றுக்குட்டியின் டிஎன்ஏவைக் கொடுத்தால் அது நன்றாகவே வேலை செய்தது. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் டிஎன்ஏவைக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. சுத்தம் கூடக் கூட நொதி தன் வேலையை மறந்துவிட்டது. குழாயில் வேறொரு பகுதியாகப் பிரிந்து வந்த புரதத்தைத் திருப்பிச் சேர்த்ததும் நினைவு வந்தது. அந்தப் புரதத்துக்குச் சிக்மா என்று பெயர் வைத்து, பர்ஜெஸும் ஆண்ட்ரூ டிராவர்ஸும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் டன், எக்கார்ட் பவுட்ஸ் இருவரோடு சேர்ந்து 1969இல் வெளியிட்டார்கள். மரபணுவின் முன்வாசல் எங்கே என்று பாலிமரேஸுக்குக் காட்டிக்கொடுப்பது சிக்மாதான். கன்றுக்குட்டியின் டிஎன்ஏ அங்கங்கே அறுந்திருந்ததால் அந்த முனைகளில் சிக்மா இல்லாமலே நுழைய முடிந்தது. முழுசாக இருந்த வைரஸ் டிஎன்ஏதான் உண்மையைக் கேட்டது. ஈ.கோலையில் இப்படி ஏழு சிக்மாக்கள் உண்டு. வெயில் சுட்டால் ஒன்று, பட்டினி என்றால் ஒன்று, நைட்ரஜன் தட்டுப்பட்டால் ஒன்று. ஆளுக்கொரு கொத்து வாசல்களைக் காட்டும்.

பாலிமரேஸோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒமேகா என்ற சின்னத் துணைஅலகையும் நெடுநாள் அழுக்கு என்றே பலர் நினைத்தார்கள். அது இல்லாமலும் பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது. பிறகு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். பாலிமரேஸின் பெரிய துணைஅலகு ஒன்று சரியாக மடிந்து உருவம் பெற ஒமேகா துணை நிற்கிறது என்று காட்டியவர்களில் நம் நாட்டு தீபங்கர் சட்டர்ஜி முக்கியமானவர். ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் ஒரே நொதியோடு ஆயுசைக் கழித்த அந்த மாதிரி ஆட்களைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

நம் செல்களின் கதை இன்னும் சிக்கல். பாக்டீரியாவுக்கு ஒரே பாலிமரேஸ். நமக்கு மூன்று என்று 1969இல் ராபர்ட் ரோடர் மாணவராக இருந்தபோதே கண்டார். புரதங்களுக்கான மரபணுக்களைப் படிப்பது இரண்டாவது பாலிமரேஸ். ஈஸ்டில் இருக்கும் அதன் உருவத்தை அணு அணுவாக 2001இல் வெளியிட்டு, 2006இல் நோபல் பரிசு பெற்றார் ரோஜர் கோர்ன்பர்க். அது தனியாக வாசலுக்கு வராது. டிஎன்ஏ, ஹிஸ்டோன் உருண்டைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அதைத் தளர்த்த ஒரு கூட்டம் வேண்டும். வாசலில் கைபிடித்து நிறுத்த ஒரு கூட்டம், எட்டத்தில் இருக்கும் தூண்டுபகுதிகளின் செய்தியை வாசலுக்குக் கொண்டுசேர்க்க ஒரு கூட்டம். இதை விவரிக்கப் புகுந்தால் கல்யாண வீட்டு உறவுமுறை சொல்வது போல ஆகிவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். வாசலில் பாலிமரேஸ் வந்து சேர்ந்துவிட்டால் நகல் ஓடிவிடும் என்றுதான் அன்று நினைத்தோம். பழ ஈயில் வெப்பம் தாக்கும்போது எழும் ஒரு மரபணுவை கார்னெலில் ஜான் லிஸ் 1980களில் பார்த்துக்கொண்டிருந்தார். வெப்பமே இல்லாத நேரம். மரபணு சத்தமில்லாமல் இருக்கிறது. ஆனால் அதன் வாசலைத் தாண்டி இருபது முப்பது எழுத்து நகலெடுத்துவிட்டு ஒரு பாலிமரேஸ் அப்படியே நிற்கிறது. போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் மதுரையில் ஓஎன்பிஜி ஊற்றிக்கொண்டிருந்த அதே வருடங்கள். அந்த ஒரு மரபணுவின் விநோதப் பழக்கம் என்று பலரும் எண்ணினார்கள். 2007வாக்கில் மரபணுத் தொகுதி முழுவதையும் பார்க்கும் கருவிகள் வந்தபோது, ஈயிலும் மனிதரிலும் ஏராளமான மரபணுக்களின் வாசலில் இப்படிப் பாலிமரேஸ் காலைத் தூக்கி வைத்தபடி காத்திருப்பது தெரிந்தது. பந்தயக் கோட்டில் நிற்கும் பிள்ளை மாதிரி. போகச் சொல்லும் புரதம் வந்து தட்டினால்தான் ஓடும். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் என் குரல் மாறிவிடும் என்று மாணவிகள் சொல்வார்கள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சிவப்பு மாத்திரை போட்டார். அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடம் அரம் போட்டார். வீட்டிலேயே மருந்து கொடுத்துக் காசநோயைக் குணப்படுத்தலாம், சானடோரியம் தேவையில்லை என்று உலகத்துக்கு 1959இல் நிரூபித்ததே மெட்ராஸ்தான். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில். அந்த ஆய்வுகளோடு சேர்ந்து உழைத்த ஆங்கிலேயர் டெனிஸ் மிட்சிசன், ரிஃபாம்பிசின் ஏன் சிகிச்சைக் காலத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார். நுரையீரலில் சில கிருமிகள் தூங்குகின்றன. தூங்கும் கிருமியை மருந்து கொல்லாது. ஆனால் அவை அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் விழித்துச் செயல்படுகின்றன. அந்தக் குறுகிய நேரத்துக்குள் மற்ற மருந்துகளை முந்திக்கொண்டு பிடித்துவிடுவது ரிஃபாம்பிசின்.

அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முழுக்க மூடிக்கொண்ட கிருமியாக இருந்திருந்தால் என் அப்பாவை அந்த மாத்திரை காப்பாற்றியிருக்க முடியாது. அந்தக் கிருமியின் பூட்டிலும் மயிரிழை ஆட்டம் இருந்தது.

போன வருடம் எங்கள் தெருவில் லாரி ஓட்டும் பையன் ஒருவனுக்கு அதே நோய். சளியைக் கொடுத்தான். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்ற இரண்டையும் இரண்டு மணி நேரத்தில் எந்திரம் சொல்லிவிட்டது. அந்த எந்திரம் படிப்பது பாலிமரேஸின் பீட்டா துணைஅலகுக்கான மரபணுவில் 81 எழுத்துகள். மருந்தை எதிர்க்கும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த 81க்குள்தான் எழுத்தை மாற்றிவைத்திருக்கின்றன. ரிஃபாம்பிசின் போய் அமரும் குழியின் வடிவம் அங்கேதான் தீர்மானமாகிறது. அப்பா காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். பையனின் அம்மா என்னிடம் வந்து, "டீச்சர், மூத்திரம் செவப்பாப் போகுதாம்" என்றாள். உட்கார வைத்துக் காபி கொடுத்துச் சொன்னேன்.

தம்பி மகள் பெங்களூரில் ஆய்வு செய்கிறாள். ஈஸ்ட் செல்லில் காலக்டோஸ் மரபணுக்கள் எப்படித் திறக்கின்றன என்பது அவள் வேலை. நகல் ஆர்என்ஏவில் ஒளிரும் புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டால், மரபணு நகலெடுக்கப்படும் இடத்தில் ஒரு புள்ளி மின்னும். நகல் வெளியேறினால் அணையும். பொங்கலுக்கு வந்திருந்தபோது மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். காலக்டோஸ் கொடுத்த செல்கள். பச்சைப் புள்ளிகள் எழுந்தன, அணைந்தன, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி எழுந்தன. மரபணு தொடர்ந்து எரியும் விளக்கு இல்லை, விட்டு விட்டு வெடிக்கிறது என்று படித்திருக்கிறேன். பார்த்தது அன்றைக்குத்தான். பேச வரவில்லை.

"காலக்டோஸ் குடுக்காத செல்லு இருக்கா?"

இருந்தது. கறுப்பாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையா?"

"பின்னணியைக் கழிச்சிருக்கேன் அத்தை. ஒரு அளவுக்குக் கீழ இருக்குறத எல்லாம் சாஃப்ட்வேர் எடுத்துடும்."

"கழிக்காதத காட்டு."

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, எதையோ அழுத்தினாள். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மணல் கொட்டியது போல ஆனது. காத்திருந்தோம். இடது ஓரத்தில் ஒரு செல்லில் மங்கலாக ஒன்று எழுந்து அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு செல்லில்.

"இது வெறும் நாய்ஸா இருக்கும் அத்தை. கேமராவுலயே வரும்."

"ஒளிரும் புரதம் இருந்து, ஆர்என்ஏவுல ஒட்டுறதுக்கு எடமே இல்லாத செல்ல எடுத்திருப்பீங்களே? கன்ட்ரோல்?"

"எடுத்திருக்கோம்."

"அதையும் கழிக்காம காட்டு."

அந்தக் கோப்பைத் தேடி எடுக்க நேரம் ஆனது. சமையலறையில் பால் பொங்கியதைத் தம்பி மனைவி ஓடிப்போய் இறக்கினாள். படம் ஓட ஆரம்பித்தது. இருவரும் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனோம். சாம்பல் மணல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். புள்ளி ஒன்றும் எழவில்லை.

அவள் நோட்டை எடுத்துத் தேதி போட்டாள்.